கணக்குப்பிள்ளை பார்வையில் கோபோல், ஏடா, சி

ஆடிட்டிங் பாடத்தில் இன்டர்னல் செக் என்று ஒரு அத்தியாயம் வரும். பணம் வாங்குகிறவரே கணக்கு எழுதக்கூடாது, கணக்கு எழுதுகிறவரே பேங்குக்குப் போகக்கூடாது. ஒருவர் வேலையை இன்னொருவர் வேலை தானாகவே சரிபார்க்கும்படி ஆபீஸைப் பிரித்து வைக்க வேண்டும். மொத்த அத்தியாயமும் இவ்வளவுதான், மீதி எல்லாம் மார்க்குக்காக நீட்டியது.

பரீட்சைக்கு இதை உருப்போட்டுக் கொண்டிருந்த ராத்திரிதான், கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கும் அறைத் தோழனும் அவன் நண்பனும் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய மென்பொருள் எழுத எந்த மொழி உசத்தி என்று கத்திக் கொண்டிருந்தார்கள். ஒருவன் சி++ கட்சி, இன்னொருவன் ஜாவா கட்சி. ரஜினியா கமலா மாதிரிதான், விடிய விடியப் பேசினாலும் தீர்ப்பு வராது. எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியை வைத்துப் பார்த்தால், இவர்களும் இன்டர்னல் செக் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது. பத்து வரி நிரலுக்கு எந்த மொழியும் போதும். பத்து லட்சம் வரி, ஐந்நூறு பேர், இருபது வருடம் என்று வரும்போது ஒருவர் செய்யும் தப்பை யார் பிடிப்பது? பிடிப்பதற்கும் செலவு உண்டே, அதை யார் கொடுப்பது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொஞ்சம் பழங்கதை படித்தேன். நீளமான பதிவு, பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் நம்ம ஆள். கணக்கு வழக்குக்கென்றே பிறந்த மொழி கோபோல். (கோபால் என்றுதான் உச்சரிக்க வேண்டுமாம். எதிர்வீட்டு மாமா பெயர் மாதிரி இருப்பதால் கோபோல் என்றே எழுதுகிறேன் :-))

1950களின் கடைசியில் ஒவ்வொரு கணினிக் கம்பெனியும் தனக்கென்று ஒரு மொழி வைத்திருந்தது. யூனிவாக் மெஷினுக்கு எழுதிய சம்பளப் பட்டியல் நிரல் ஐபிஎம் மெஷினில் ஓடாது. மெஷினை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். இதற்கு ஒரு பொது மொழி வேண்டும் என்று பர்ரோஸ் கம்பெனியின் மேரி ஹாஸ் கிளப்பிவிட்டார். 1959 ஏப்ரலில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சின்னக் கூட்டம், மே மாதமே அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் பெரிய கூட்டம். ராணுவத்துக்கு என்ன அக்கறை என்றால், பல கம்பெனி மெஷின்களை வாங்கிக் குவித்துவிட்டு, ஒன்றில் எழுதியது இன்னொன்றில் ஓடாமல் முழித்துக் கொண்டிருந்தது அவர்கள்தான். கிரேஸ் ஹாப்பர் உருவாக்கிய ஃப்ளோ-மேட்டிக் என்ற மொழியிலிருந்துதான் கோபோலின் அடிப்படையில் பெரும்பகுதி வந்தது.

கமிட்டி என்றால் கமிட்டிதான், எந்த ஊரானால் என்ன. வேலை இழுத்துக்கொண்டே போக, ஆர்சிஏ கம்பெனியின் ஹோவர்ட் பிராம்பெர்க் கடுப்பாகி, கோபோல் என்று பெயர் பொறித்த கல்லறைக் கல் ஒன்றை விலைக்கு வாங்கி, பென்டகன் அதிகாரி சார்லஸ் ஃபிலிப்ஸுக்குப் பார்சல் போட்டுவிட்டார்! பிள்ளை பிறப்பதற்கு முன்பே கல் தயார். அந்தக் கல் இப்போது கலிபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் 1960 டிசம்பரில் ஒரே கோபோல் நிரலை ஆர்சிஏ மெஷினிலும் யூனிவாக் மெஷினிலும் ஓட்டிக் காட்டினார்கள். கோபோல் இல்லாமலே நன்றாக ஓடும் என்று நிரூபித்தால் ஒழிய, கோபோல் கம்பைலர் இல்லாத கணினியை வாங்க மாட்டோம் என்று ராணுவத் துறையும் சொல்லிவிட்டது. அப்புறம் எந்தக் கம்பெனி மறுக்கும்?

கணினி படித்தவர்கள் கோபோலைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. வளவளவென்று ஆங்கில வாக்கியம் மாதிரி எழுத வேண்டும், நிரல் நான்கு பிரிவாக இருக்க வேண்டும், அதில் தரவுக்கென்றே ஒரு தனிப் பிரிவு. எனக்கு அந்தத் தரவுப் பிரிவுதான் ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு தொகைக்கும் இத்தனை இலக்கம், அதில் புள்ளிக்குப் பின்னால் இத்தனை என்று படம் போட்டு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேரேட்டில் ரூபாய்க்கு ஒரு பத்தி, பைசாவுக்கு ஒரு பத்தி கோடு போடுகிற மாதிரி. அதோடு கணக்கு பத்தடிமான எண்ணிலேயே நடக்கும். மற்ற பல மொழிகளில் பின்ன எண்கள் வழக்கமாக இரண்டடிமானத்தில் இருக்கும், அதில் பத்து பைசாவைத் துல்லியமாக எழுதவே முடியாது. நாம் மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று முடிவில்லாமல் எழுதுவது போல, 0.1 அங்கே முடிவில்லாமல் நீளும். எங்கேயோ வெட்ட வேண்டும், வெட்டினால் துளி குறையும். 1991 வளைகுடாப் போரில் தாரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணை நிலையம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணிக் கொண்டிருந்தது. நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அந்தத் துளி சேர்ந்து சுமார் 0.34 விநாடி ஆகிவிட்டது. வந்த ஸ்கட் ஏவுகணையைக் கோட்டை விட்டது, 28 ராணுவ வீரர்கள் செத்துப் போனார்கள். பைசா டேலி ஆகவில்லை என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கும் கேஷியரை இனிமேல் கிண்டல் செய்யாதீர்கள்.

கோபோலிலும் ஓட்டை உண்டு. ஏழு இலக்கம் என்று கோடு போட்டாயிற்று. 99,99,999 வந்துவிட்டது, இன்னும் ஒரு ரூபாய் சேர்ந்தால்? ‘ஆன் சைஸ் எரர்’ என்று ஒரு துணைவரி எழுதி, இடம் போதாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லலாம். சொல்லலாம் என்றுதான் இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. எழுதாமல் விட்டால் பொதுவாக இடது பக்க இலக்கம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். அதாவது பைசா பத்திரமாக இருக்கும், கோடி காணாமல் போகும்! ஒவ்வொரு கூட்டலுக்கும் இந்த வரி எழுத யாருக்குப் பொறுமை?

இந்த இடத்தில் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். 1960களில் டோனி ஹோர் என்பவர் எலியட் பிரதர்ஸ் என்ற கம்பெனிக்காக அல்கால் மொழிக்கு ஒரு கம்பைலர் எழுதினார். அரே என்று சொல்வார்களே, ஒரே மாதிரிப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி எண் போட்டு வைப்பது, அதில் பத்துப் பெட்டிதான் இருக்கும்போது நிரல் பதினோராவது பெட்டியைத் திறக்கப் போனால் உடனே நிறுத்திவிடும்படி செய்தார். ஒவ்வொரு தடவையும், ஓடும்போதே சோதனை. மெஷின் நேரம் தங்கம் விலை விற்ற காலம் அது. அதனால் பல வருடம் கழித்து வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, எழுதிச் சோதித்து முடித்த நிரலுக்கு இந்தச் சோதனையை அணைத்து வைக்க ஒரு வசதி தரட்டுமா, வேகமாக ஓடுமே என்று கேட்டார்களாம். எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்று சொன்னார்களாம். இந்தத் தப்பு எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பது அவர்களுக்குத்தானே தெரியும். 1980இல் டூரிங் விருது வாங்கியபோது பேசிய உரையில் ஹோர் இதைச் சொல்லி, மொழி வடிவமைப்பவர்கள் இன்னும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளவில்லையே என்று வருத்தப்பட்டார். செலவைக் கொடுக்கிறவர்களே செலவைக் குறைக்காதே என்று சொன்ன சம்பவம் வணிக வரலாற்றில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துப் போய்விட்டது.

அதே உரையில் அவர் திட்டித் தீர்த்த இன்னொரு விஷயம் ஏடா. அதுவும் அமெரிக்க ராணுவத்தின் பிள்ளைதான், கோபோலுக்குத் தம்பி.

1970களில் அமெரிக்க ராணுவத் திட்டங்களில் 450க்கும் மேற்பட்ட மொழிகள் புழங்கின என்று சொல்வார்கள். விமானத்துக்கு ஒன்று, ராடாருக்கு ஒன்று, அந்த ராடாரின் அடுத்த மாடலுக்கு இன்னொன்று. எழுதிய கம்பெனி கடையை மூடிவிட்டால் அந்த மொழி தெரிந்த ஆளே கிடைக்க மாட்டார். 1975இல் ஒரு குழு போட்டு, எப்படிப்பட்ட மொழி வேண்டும் என்று ஒரு தேவைப் பட்டியல் எழுதினார்கள். முதல் பட்டியலுக்கு வைக்கோல் மனிதன் என்று பெயர். ஊரெல்லாம் அனுப்பி, கருத்துக் கேட்டு, திருத்தினால் மர மனிதன். பிறகு தகர மனிதன், இரும்பு மனிதன், கடைசியில் 1978இல் எஃகு மனிதன். ஒரு மொழியை எழுதுவதற்கு முன்னால் மூன்று வருடம் தேவையை மட்டும் எழுதியிருக்கிறார்கள். நான்கு கம்பெனிகளின் மொழிகள் போட்டியில் இருந்தன. யாருடையது என்று தெரிந்தால் ஓரவஞ்சனை வரும் என்று பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறத்தால்தான் அழைத்தார்கள். நம் விடைத்தாளில் பெயருக்குப் பதில் டம்மி நம்பர் போடுவார்களே, அதே கதை. 1979இல் பச்சை ஜெயித்தது. செய்தவர் ஜான் இக்பியா, பிரெஞ்சுக்காரர். கவிஞர் பைரனின் மகள் ஏடா லவ்லேஸ் பெயரை வைத்து, அவர் பிறந்த 1815ஐயே ராணுவத் தர எண்ணாகவும் கொடுத்தார்கள்.

ஏடாவைப் படிக்கப் படிக்க ஆடிட்டர் யாரோ செய்த மொழி போலவே இருந்தது. தேதி என்றால் 1 முதல் 31 வரை என்று எல்லை சொல்லிவிடலாம், 32 வந்தால் ஓடும்போதே பிடித்துக்கொள்ளும். மீட்டரும் அடியும் இரண்டுமே எண்தான் என்றாலும் தனித்தனி வகை என்று அறிவித்துவிட்டால் இரண்டையும் கூட்டக் கம்பைலர் விடாது. எல்லாவற்றையும் விட, பெரிய நிரலைப் பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பொதிக்கும் வெளியே தெரிய வேண்டியதை மட்டும் ஒரு முன்பக்கத்தில் எழுத வேண்டும். மற்ற குழுக்கள் அந்த முன்பக்கத்தை மட்டும்தான் தொட முடியும், தப்பாகத் தொட்டால் கம்பைலரே திருப்பி அனுப்பிவிடும். கோபோலில் ஒரு நிரலின் தரவுப் பிரிவில் உள்ளதை அந்த நிரலின் எந்த மூலையிலிருந்தும் மாற்றலாம், ஒரே கல்லாப்பெட்டிக்கு ஐம்பது சாவி. ஏடா கேஷியருக்கு ஒரு ஜன்னல் வைத்துக் கொடுத்தது.

இவ்வளவையும் சேர்த்ததில் மொழி குண்டாகிப் போனது. ஹோர் பயந்ததும் அதைத்தான்: இவ்வளவு சிக்கலான மொழியை நம்பி உயிர் போகிற வேலைகளைக் கொடுக்காதீர்கள் என்றார். ஆரம்பக் கால ஏடா கம்பைலர்கள் மெதுவானவை, விலையும் அதிகம். அதே நேரத்தில் இன்னொரு பக்கம் சி மொழி கிட்டத்தட்ட சும்மாவே கிடைத்துக் கொண்டிருந்தது.

சி பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக. 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டெனிஸ் ரிட்சி செய்தது, 1973இல் யூனிக்ஸையே அதில் திருப்பி எழுதினார்கள். யூனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்குப் போனது, கூடவே சியும் போனது. சின்ன மொழி, வேகமான மொழி, நிரலாளரை முழுசாக நம்பும் மொழி. பத்துப் பெட்டியில் பதினோராவதைத் திற என்றால் திறந்துவிடும், அங்கே யாருடைய பொருள் இருந்தாலும் சரி. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட புழு அன்றைய இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, 512 எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு, வருவது எவ்வளவு என்று அளந்து பார்க்காமல் வாங்கிக்கொண்ட ஒரு நிரல். வாங்கிய அந்த ‘கெட்ஸ்’ என்ற கட்டளைக்கு இடத்தின் அளவைச் சொல்ல வழியே கிடையாது. அதைச் சி மொழியின் தரத்திலிருந்து எடுத்தது 2011இல். இருபத்து மூன்று வருடம்!

அப்படியானால் ஏடாதான் சரி, சி தப்பு என்று முடித்துவிடலாம் என்று நினைத்தபோது ஏரியான் குறுக்கே வந்தது.

1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவில் கூரூ ஏவுதளம், ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம், உள்ளே கிளஸ்டர் என்ற நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்கள். ஏறத்தாழ 37 விநாடி கழித்து, ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும் கருவியின் கணினி நின்றுபோனது. அதற்கு மாற்றாக வைத்த இரண்டாவது கணினி? அது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டது, ஏனென்றால் அதிலும் அதே மென்பொருள், அதே தப்பு. ஒரே ஆள் எழுதிய கணக்கை அவரையே இரண்டு தடவை சரிபார்க்கச் சொன்ன மாதிரி. நின்றுபோன கணினி அனுப்பிய பிழைக் குறிப்பைத் தலைமைக் கணினி பறக்கும் விவரம் என்று நினைத்துக்கொண்டு ராக்கெட்டை ஒரேயடியாகத் திருப்ப, காற்றின் வேகத்தில் ராக்கெட் பிய்ந்து, தன்னைத் தானே வெடித்துக்கொண்டது.

மென்பொருள் எழுதப்பட்ட மொழி ஏடா. நடந்த தப்பு நம் கோபோல் தப்பேதான். 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றப் பார்த்தார்கள், அதில் 32,767க்கு மேல் இடமில்லை. அந்த எண் ராக்கெட்டின் கிடைமட்ட வேகத்தைப் பொறுத்தது. பழைய ஏரியான் 4இல் அது அவ்வளவு பெரிதாக வரவே வராது, ஏரியான் 5இல் கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாகக் கூடியது. பழைய மென்பொருளை அப்படியே தூக்கிப் போட்டிருந்தார்கள். கொடுமை என்னவென்றால், அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு ஏரியான் 5க்குத் தேவையே இல்லை, பழைய ராக்கெட்டின் வசதிக்காக வைத்தது சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

லியோன்ஸ் என்பவர் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை அடுத்த மாதமே வந்தது. இப்படி மாற்றப்படும் எண்கள் மொத்தம் ஏழு. நான்குக்குப் பாதுகாப்பு எழுதியிருந்தார்கள், மூன்றை விட்டுவிட்டார்கள். ஏன் தெரியுமா? கணினியின் வேலைப் பளு 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு இருந்ததாம். எலியட் கம்பெனி வாடிக்கையாளர்கள் முப்பது வருடம் முன்னால் வேண்டாம் என்று சொன்ன பேரத்தை இவர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொழி தூங்கவில்லை. எண் கொள்ளவில்லை என்று ஏடா பிடித்தது, பிழை என்று குரலும் கொடுத்தது. குரல் வந்தால் என்ன செய்வது என்று மனிதர்கள் எழுதி வைத்திருந்தது: கணினியை நிறுத்திவிடு. பிழை என்றால் கருவி பழுதாகியிருக்கும், மென்பொருளில் தப்பு இருக்காது என்ற நம்பிக்கை. இருப்பாய்வு டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்பதற்கு எங்கள் பாடத்தில் விதிப்பிழை, ஈடுசெய் பிழை என்று பட்டியலே உண்டு. பெர்ட்ரன்ட் மேயரும் ஜீன்-மார்க் ஜெசெகெலும் 1997இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எந்த எண்ணுக்குள் இருந்தால்தான் இந்தப் பகுதி வேலை செய்யும் என்ற நிபந்தனையை நிரலிலேயே ஒப்பந்தம் போல எழுத வைக்கும் ஐஃபெல் மாதிரி மொழியின் வழக்கம் இருந்திருந்தால் பழைய பகுதியைத் தூக்கிப் போட்டவர்கள் கண்ணில் பட்டிருக்கும் என்று அவர்கள் வாதம். ஐஃபெல் மேயர் செய்த மொழி என்பதையும் சொல்லிவிடுகிறேன் ;-) ஆனாலும் வாதத்தில் விஷயம் இருக்கிறது. எழுதி வைத்தால் படிப்பார்களா என்று மறுத்தவர்களும் உண்டு, அதிலும் விஷயம் இருக்கிறது.

ராணுவத் திட்டங்களுக்கு ஏடாதான் என்று 1991இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டிருந்தது. 1997இல் ராணுவத் துறை அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. எஃப்-22 போர் விமானத்தின் மென்பொருள் பெரும்பாலும் ஏடா. அதற்கடுத்த எஃப்-35க்குச் சி++ எடுத்தார்கள், ஏடா தெரிந்த ஆட்கள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. எடுத்துவிட்டு 2005இல் சி++ஐ எப்படியெல்லாம் எழுதக்கூடாது என்று இருநூற்றுக்கும் மேற்பட்ட விதிகள் கொண்ட ஒரு தடிப் புத்தகம் போட்டார்கள். மொழியை மாற்றினால் செக் செலவு மிச்சம் என்று நினைத்தால், அது கம்பைலரிடமிருந்து மனிதர்கள் தலைக்கும் தனிச் சோதனைக் கருவிகளுக்கும் போனதுதான் மிச்சம். போயிங் 777 விமானம் (1995இல் சேவைக்கு வந்தது) ஏடாவை நம்பி இன்னும் பறக்கிறது. கோபோலுக்கும் கல்லறைக் கல் தேவைப்படவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தவர்கள் விண்ணப்பம் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் யாராவது உண்டா என்று டிவியில் கேட்டார்.

இப்போது அறைத் தோழன் கட்சி மாறி ரஸ்ட் என்கிறான். கிரேடன் ஹோர் (டோனி ஹோருக்கு உறவு இல்லை) 2006இல் தொடங்கியது, 2015இல் முதல் நிலையான பதிப்பு, 2022 டிசம்பரில் லினக்ஸின் உள்ளேயே நுழைந்துவிட்டது. பதினோராவது பெட்டியைத் திறக்க விடாது, வாடிக்கையாளருக்கு அனுப்பும் நிரலிலும் அந்தச் சோதனை இருக்கும். எலியட் வாடிக்கையாளர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள் என்று நானும் தலையாட்டிக் கொண்டிருந்தேன்.

அப்புறம் சும்மா ஒரு கேள்வி கேட்டேன்: 16 பிட் எண்ணில் 32,767 இருக்கிறது, ஒன்று கூட்டினால் என்ன ஆகும்? அவன் செய்து காட்டினான். சோதனைக்காகத் தயாரித்த நிரல் உடனே பிழை என்று கத்திக்கொண்டு நின்றது. அதையே வேகமாக ஓடும்படி, வெளியே அனுப்பும் வடிவத்தில் தயாரித்து ஓட்டினான். சத்தமே இல்லாமல் மைனஸ் 32,768 என்று வந்தது. வெளியே அனுப்பும் வடிவத்தில் அந்தச் சோதனை வழக்கமாக அணைந்தே இருக்குமாம், வேண்டுமென்றால் நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஏன் என்று கேட்டேன்.

“வேகத்துக்காகடா” என்றான்.